பாலே ஆடிப் பிழைக்க முடியுமா? பாரிஸ் ஓப்பராவை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் பக்கம் காய்கறி வாங்கப் போனால், கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே யாராவது பிடித்துக்கொள்வார்கள்: "அக்கா, நீங்கள் ஓப்பராவுக்கெல்லாம் போவீர்களாமே, எங்கள் பிள்ளை பாலே படிக்கிறாள், அதில் வேலை கிடைக்குமா?" நான் பாலே ஆடியவள் அல்ல. கடலூரில் ஏழெட்டு வருடம் பரதம் படித்தேன். சலங்கை பூஜையோடு அது நின்றுபோனது. இங்கே வந்த பிறகு பாரிஸ் ஓப்பராவின் கர்னியே அரங்கில், உச்சி மாடத்தில், மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை எழுதிவைக்கிறேன். எனக்கு அதிகம் பழக்கம் பாரிஸ் ஓப்பரா பாலே என்பதால் பேச்சு அதைச் சுற்றியே போகும். தேவைப்பட்டால் லண்டனும் நியூயார்க்கும் வரும்.

பாலே ஆடுவதை ஒரு உத்தியோகம் என்று சொல்லலாமா?

பாரிஸில் தாராளமாகச் சொல்லலாம். நம் ஊர் அரசு வேலைக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் இதிலும் உண்டு: நுழைவுப் போட்டி, நிரந்தரப் பணி, பதவி உயர்வு, மாதச் சம்பளம், 42 வயதில் ஓய்வு, பென்ஷன். சுமார் 150 பேர் இப்படி வேலை பார்க்கிறார்கள். 14-ஆம் லூயி மன்னர் 1661-இல் நடனத்துக்கென்று ஓர் அகாதமி தொடங்கினார். 1669-இல் ஓப்பரா வந்தது. ஓப்பராக் கலைஞர்களுக்குப் பென்ஷன் என்ற ஏற்பாட்டின் வேர் 1698 வரை போகிறது. தஞ்சாவூரில் ஷாஜி மன்னர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

எல்லா ஊரிலும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பல கம்பெனிகள், அதாவது நடனக் குழுக்கள், ஆண்டுக்கு இத்தனை வாரம் என்று கணக்குப் போட்டுத்தான் ஒப்பந்தம் எழுதுகின்றன. மீதி வாரங்களில் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை வாங்குவார்கள், கோடை முகாமில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், டிசம்பரில் ஊர் ஊராகப் போய் 'நட்கிராக்கர்' என்ற கிறிஸ்துமஸ் பாலே ஆடுவார்கள். சின்னக் கம்பெனியில் இருப்பவர்கள் காபிக் கடையில் வேலை பார்ப்பதும் சாதாரணம்.

எல்லோரும் ஒரே வெள்ளை உடுப்பில் ஆடுகிறார்கள். யார் பெரியவர், யார் சின்னவர் என்று எப்படித் தெரியும்?

முன்னால் தனியாக ஆடுபவர் பெரியவர், பின்னால் வரிசையில் நிற்பவர் சின்னவர் என்று வைத்துக்கொண்டால் பாதி சரி. பாரிஸில் ஐந்து படிகள். அடிப்படி காத்ரீ, அதற்கு மேல் கொரிஃபே, சுஜே, பிரெமியே தான்சர், உச்சியில் எத்துவால். எத்துவால் என்றால் பிரெஞ்சில் விண்மீன். லண்டன் ராயல் பாலேயிலும் ஐந்து படிதான். ஆர்ட்டிஸ்ட் என்று தொடங்கிப் பிரின்சிபல் என்று முடியும். நியூயார்க் சிட்டி பாலேயில் மூன்றே மூன்று.

இந்த ஏணியின் கீழ்ப் படிகளில் இருக்கும் கூட்டத்துக்கு கோர் த பாலே என்று பெயர். கம்பெனியில் பெரும்பாலானவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், பலர் இங்கேயே ஓய்வும் பெறுகிறார்கள். பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் கண்ணில் தெரிவது எத்துவாலின் படம். கிடைக்க வாய்ப்புள்ள வேலை இந்த வரிசையில் உள்ள வேலை. நான் இதை எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை.

அந்த வேலை லேசானதும் அல்ல. 'லா பயதேர்' என்ற பாலேயில் நிழல்களின் உலகம் என்று ஒரு காட்சி வரும். ரஷ்ய நடனக் கலைஞர் ருடால்ஃப் நூரியெவ் 1992-இல் பாரிஸுக்காக அமைத்த வடிவத்தில் 32 பெண்கள். ஒவ்வொருவராகச் சரிவுப் பாதையில் இறங்கி வருவார்கள்: ஒற்றைக்கால், பின்னால் நீட்டிய மறுகால், கொஞ்சம் வளைவு, இரண்டு அடி, மறுபடி அதே. முதலில் இறங்குபவர் அதை முப்பதுக்கும் மேற்பட்ட முறை செய்தாக வேண்டும். ஒருத்திக்குக் கணுக்கால் நடுங்கினால் அரங்கமே பார்க்கும். எத்துவால் தடுமாறினால் மனிதர்தானே என்று விட்டுவிடுவோம். வரிசையில் நிற்பவளுக்கு அந்தச் சலுகை இல்லை.

பதவி உயர்வுக்கு நிஜமாகவே பரீட்சை உண்டா?

உண்டு. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிக்கும் விஷயம் இது. பல பத்தாண்டுகளாகப் பாரிஸில் நடந்துவரும் முறை: ஒவ்வொருவரும் கர்னியே மேடையில் நடுவர்கள் முன்னால் தனியாக இரண்டு துண்டுகள் ஆட வேண்டும். ஒன்று எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்டது, இன்னொன்று அவரவர் விருப்பம். காலி இடம் இரண்டு என்றால் இரண்டு பேருக்குத்தான் உயர்வு. கூடவே ஆடும் தோழியோடு போட்டி போட்டுவிட்டு, அப்புறம் அவளோடு அதே வரிசையில் நின்று சீராக ஆட வேண்டும். இது கொடுமை என்று சொல்பவர்கள் கம்பெனிக்குள்ளேயே இருக்கிறார்கள். முறையில் திருத்தங்களும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் போட்டியே இல்லாத இடத்தில் எல்லாம் டைரக்டரின் மனசு. அவருக்குப் பிடிக்காவிட்டால் பத்து வருடம் பின்வரிசைதான். எது மேல் என்று எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை.

எத்துவாலுக்குப் பரீட்சை கிடையாது. ஒரு நாள் ஆட்டம் முடிந்து கைதட்டல் ஓயாதபோது ஓப்பராத் தலைவர் மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்து அறிவிப்பார். சில்வி கில்லெமுக்கு அது 1984 டிசம்பரில் நடந்தது, வயது 19. தென் கொரியாவில் பிறந்த பார்க் செ-உன் 2021 ஜூனில் அறிவிக்கப்பட்டார். ஆசியாவிலிருந்து வந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். 2023 மார்ச்சில் கம்பெனி தென் கொரியாவின் சோல் நகருக்குப் போய் 'ஜிசெல்' என்ற பாலேயை ஆடியபோது கியோம் தியோப் என்ற இளைஞரை அந்த மேடையிலேயே எத்துவால் ஆக்கினார்கள். அவர் அப்போது சுஜே. இடையில் இருந்த படியைத் தொடவே இல்லை. தாசில்தாரை நேராகக் கலெக்டர் ஆக்கியது மாதிரி.

எந்த வயதில் தொடங்க வேண்டும்?

பாரிஸ் ஓப்பராவின் சொந்தப் பள்ளி 1713-இல் தொடங்கியது. இப்போது நகருக்கு வெளியே நான்தேரில் இருக்கிறது. எட்டு வயதிலிருந்தே பிள்ளைகளை எடுக்கிறார்கள், பன்னிரண்டைத் தாண்டினால் கீழ் வகுப்பில் சேர்வது கடினம். விடுதி, காலையில் பள்ளிப் பாடம், மதியத்துக்கு மேல் நடனம். லண்டனில் ராயல் பாலே பள்ளியின் கீழ்ப் பிரிவு 11 வயதில் தொடங்குகிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1738-இல் தொடங்கிய வாகனோவா அகாதமியில் பத்து வயதுவாக்கில் சேர்ந்து எட்டு வருடம் படிப்பார்கள்.

இடுப்பு மூட்டிலிருந்து கால் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம். எலும்பு முற்றுவதற்குள் பழக்கினால்தான் தசை அதற்கு ஏற்பப் பலப்படும். மூட்டின் அமைப்பு பிறவியிலேயே ஒத்துவராவிட்டால் எவ்வளவு உழைத்தாலும் ஓர் எல்லைக்கு மேல் போகாது. அதனால்தான் பள்ளிகளில் சேர்க்கும்போது ஆட்டத்தைவிட உடம்பை அதிகம் பார்க்கிறார்கள். பெற்றோருக்கு இது கசப்பாக இருக்கும்.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. நூரியெவ் லெனின்கிராட் பள்ளிக்குள் நுழைந்தபோது வயது 17. அமெரிக்கன் பாலே தியேட்டரில் 2015-இல் பிரின்சிபல் ஆன மிஸ்டி கோப்லண்ட் 13 வயதில்தான் முதல் வகுப்புக்குப் போனார். டெல்லியில் இ-ரிக்‌ஷா ஓட்டுநரின் மகனான கமல் சிங் 17 வயதில் தொடங்கி, 2020-இல் இங்கிலிஷ் நேஷனல் பாலே பள்ளியில் இடம் பிடித்தார். கட்டணத்துக்கு ஊர் கூடிப் பணம் போட்டது. பையன்கள் தாமதமாகத் தொடங்கித் தப்பிப்பது பெண்களைவிடக் கொஞ்சம் எளிது, ஏனென்றால் போட்டிக்கு நிற்கும் பையன்கள் குறைவு.

பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் வேலை உறுதியா?

இல்லை. ஆண்டுதோறும் தேர்வு வைத்து வடிகட்டுவார்கள். எட்டு வயதில் பெட்டி படுக்கையோடு போன பிள்ளை பன்னிரண்டில் திரும்பி வரலாம். கடைசி வருடம் முடித்தவர்களிலும் கம்பெனிக்குள் போகிறவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும் வருடங்கள் உண்டு. மற்றவர்கள் போர்தோ, துலூஸ், ஜெர்மனியின் நகரக் கம்பெனிகள் என்று தேடிப் போவார்கள்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வாசல், சுவிட்சர்லாந்தில் 1973 முதல் நடக்கும் பிரீ த லோசான் போட்டி. 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கானது. பரிசாகக் கிடைப்பது ஒரு நல்ல பள்ளியிலோ கம்பெனியிலோ ஒரு வருட இடம். மேலே சொன்ன பார்க் செ-உன் 2007-இல் அங்கே பரிசு வாங்கியவர்தான்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் ஒன்றரை மணி நேர வகுப்பு. நாற்பது வயது எத்துவாலும் பதினெட்டு வயது காத்ரீயும் ஒரே அறையில் சுவரோரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பிளியே என்ற முதல் பயிற்சியிலிருந்து தொடங்குவார்கள். உலகத்தின் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கிட்டத்தட்ட இதே வரிசை, இதே பிரெஞ்சுப் பெயர்கள். பரதத்தில் நாம் எத்தனை வருடம் ஆடினாலும் முதல் பாடமான தட்டடவிலிருந்து தொடங்குகிறோமே, அது போல.

அப்புறம் மதியத்திலிருந்து மாலை வரை ஒத்திகை. ஒரே நாளில் மூன்று வெவ்வேறு பாலேக்களுக்கு ஒத்திகை பார்ப்பது சகஜம்: ஒரு மணி நேரம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாலேயின் அன்னம், அடுத்த மணி நேரம் வெறுங்காலோடு தரையில் உருளும் நவீன நடனம். மாலை ஏழரைக்கு மேடை. முடிந்து, ஒப்பனை கலைத்து, கொண்டை ஊசிகளைப் பிடுங்கி, ஐஸ் வைத்து வீடு போய்ச் சேரும்போது நள்ளிரவு. மறுநாள் காலை மறுபடி கட்டை.

கர்னியே மேடை தட்டையானது அல்ல என்பது பலருக்குத் தெரியாது. பார்வையாளர் பக்கம் ஐந்து சதவீதம் சரிகிறது. அதில் பழகாத விருந்தாளிகள் முதல் நாள் ஒத்திகையில் சுழலும்போது முன்னால் தள்ளாடுவார்கள்.

விரல் நுனியில் நின்று ஆடுகிறார்களே, அந்த ஷூவுக்குள் என்ன இருக்கிறது? இரும்பா?

இரும்பு இல்லை, மரமும் இல்லை. துணியும் காகிதமும் அடுக்கடுக்காகப் பசை போட்டு இறுக்கிய ஒரு கூடு, அடிப்பாகத்தில் தோலும் அட்டையும், மேலே சாட்டின். அவ்வளவுதான். 1929-இல் தொடங்கிய லண்டனின் ஃபிரீட் போன்ற பட்டறைகளில் இன்றும் கையால் செய்கிறார்கள். செய்தவர் யார் என்று தெரிவதற்கு ஒவ்வொரு ஷூவின் அடியிலும் மீன், மணி, கிரீடம் என்று ஒரு முத்திரை இருக்கும். தன் ஷூவைச் செய்யும் ஆள் ஓய்வு பெறப்போகிறார் என்று கேள்விப்பட்டால் நடனக்காரிக்குத் தூக்கம் போய்விடும். ஆஸ்தான தையல்காரர் கடையை மூடினால் நமக்கு எப்படி இருக்கும்!

வாங்கியதும் அப்படியே போட்டுக்கொள்வதில்லை. தரையில் அடித்துச் சத்தத்தைக் குறைப்பார்கள், அடித்தோலை வளைப்பார்கள், முனையில் நூலால் தைப்பார்கள், நாடாவை அவரவரே தைத்துக்கொள்வார்கள். இவ்வளவும் செய்த ஷூ, வேர்வையில் பசை இளகினால் ஒரே இரவில் செத்துப்போகும். பெரிய பாத்திரம் என்றால் இடைவேளையில் மாற்றுவார்கள். கடையில் ஒரு ஜோடி நூறு டாலரை ஒட்டி வரும். பெரிய கம்பெனிகள் ஷூவைத் தாங்களே கொடுத்துவிடுகின்றன. ஒப்பந்தம் இல்லாமல் தனியாக ஆடுபவர்களின் வருமானத்தை இந்தச் செலவே குடித்துவிடும்.

பரதநாட்டியம் தெரிந்த பிள்ளைக்கு பாலே எளிதாக வருமா?

தாளம் பிடிபடும், மனப்பாடம் சுலபமாக வரும், மேடைக் கூச்சம் இருக்காது. பாதி உட்கார்ந்து ஆடும் அரைமண்டியில் முழங்கால் வெளிப்பக்கம் திரும்புவதும் உதவும். அதோடு சரி. நாம் பூமியைத் தட்டி ஆடுகிறோம். காலில் சத்தம் வராவிட்டால் வாத்தியார் திட்டுவார். அங்கே குதித்து இறங்கும்போது 'தொப்' என்று கேட்டால் திட்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டையும் ஒரே வருடம் படித்து, இரண்டு டீச்சர்களிடமும் எதிரெதிரான காரணத்துக்காகத் திட்டு வாங்கினாள்.

உடம்பைக் கெடுத்துவிடாதா? பட்டினி கிடப்பார்கள் என்கிறார்களே?

அடிபடும். அதில் சந்தேகமே வேண்டாம். கணுக்கால் சுளுக்கு, பாத எலும்பில் கீறல், குதிகால் தசைநார் வீக்கம், முதுகு. ஆண்களுக்குத் தூக்கித் தூக்கித் தோளும் இடுப்பும். பெரிய கம்பெனிகளில் பிசியோதெரபி, மசாஜ், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் கட்டடத்துக்குள்ளேயே வந்துவிட்டன. பாரிஸில் மாதச் சம்பளக்காரர்கள் என்பதால் மேடையில் கால் முறிந்தால் அது பணியிட விபத்து. சட்டப்படி விடுப்பும் பணமும் உண்டு. ஒப்பந்தம் இல்லாதவர் விழுந்தால் வீட்டு வாடகையும் சேர்ந்து விழுகிறது. ஒரே சுளுக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமாக வலிப்பது இதனால்தான்.

பட்டினி விஷயத்தை மழுப்ப விரும்பவில்லை. ஒல்லியாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடி இந்தத் தொழிலில் இருந்தது, இருக்கிறது. செலவழிக்கும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும், எலும்பு மெலியும், சின்னக் குதிப்பில்கூடக் கீறல் விழும். மருத்துவர்கள் இதை இப்போது வெளிப்படையாகப் பேசுகிறார்கள், நல்ல பள்ளிகளும் கவனிக்கின்றன. உங்கள் பிள்ளையின் டீச்சர் பத்து வயதுப் பெண்ணிடம் "வயிற்றைக் குறை" என்று சொன்னால், அந்த மாதத்தோடு வகுப்பை மாற்றிவிடுங்கள். மாதவிலக்கு நின்றால் டாக்டரிடம் போங்கள், "ஆடுகிற பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நம் நிறத்துக்கு இடம் கொடுப்பார்களா?

கேட்கத் தயங்கிக் கேட்பார்கள், ஆனால் எல்லோரும் கேட்பார்கள். நீண்ட காலம் 'வெள்ளைப் பாலே' என்ற சொல்லுக்கு உடுப்பின் நிறம் மட்டும் பொருளாக இருக்கவில்லை. 2020-இல் பாரிஸ் ஓப்பராவின் கறுப்பின, கலப்பினக் கலைஞர்கள் சிலர் தங்கள் அனுபவத்தை எழுத்தில் வைத்தார்கள். கம்பெனியில் பலர் கையெழுத்திட்டார்கள். தோல் நிறத்துக்குப் பொருந்தும் காலுறை, ஷூ, நம் மாதிரி முடிக்கு ஏற்ற ஒப்பனையாளர் என்று கேட்டவை மிக எளிய விஷயங்கள். 2021 தொடக்கத்தில் அறிக்கை வந்தது, காலுறை நிறம் மாறியது. இரண்டு வருடத்தில் தியோப் எத்துவால் ஆனார்.

ஷூ நிறத்தைப் பற்றி ஒரு தகவல். நியூயார்க்கில் 1969-இல் ஆர்தர் மிட்செல் தொடங்கிய டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் கலைஞர்கள் பல பத்தாண்டுகளாக இளஞ்சிவப்பு ஷூவுக்குத் தாங்களே ஒப்பனைப் பவுடர் பூசித் தங்கள் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேலே சொன்ன லண்டன் ஃபிரீட் பட்டறை பழுப்பு நிற ஷூவைக் கடையில் வைத்தது 2018-இல். ஒரு ஷூவின் நிறம் மாற எத்தனை வருடம் பாருங்கள். ஆகவே இடம் கொடுப்பார்களா என்றால், முன்னைவிடக் கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை வரிசையில் தனித்துத் தெரியும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையனை அனுப்பினால் கேலி செய்வார்களே?

செய்வார்கள். பள்ளியில் செய்வார்கள், கல்யாண வீட்டில் மாமாக்கள் செய்வார்கள். ஐம்பது கிலோ ஆளை ஒரே கையில் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சிரிக்கும் வேலை என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

சம்பளம் போதுமா?

பாரிஸில் படியைப் பொறுத்து மாதச் சம்பளம், மேடையேறும் நாட்களுக்குக் கூடுதல் தொகை. காத்ரீயின் சம்பளத்தில் பாரிஸ் வாடகை கொடுத்துச் சாதாரணமாக வாழலாம். பணக்காரர் ஆக முடியாது. பெரும் பணம் பார்ப்பது, வெளிநாட்டு அரங்குகள் விருந்தினராக அழைக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரங்கள்தான். அதற்கும் கம்பெனி விடுப்புக் கொடுக்க வேண்டும். விருப்பப்படி வெளியே ஆடும் சுதந்திரம் வேண்டும் என்பதற்காகவே சில்வி கில்லெம் 1989-இல் பாரிஸை விட்டு லண்டன் ராயல் பாலேக்குப் போனார்.

கல்யாணம், குழந்தை?

இரண்டும் நடக்கிறது. கர்ப்பம் என்றதும் மேடையை நிறுத்தி, பேறுகால விடுப்பு முடித்து, பல மாதம் உடம்பைத் தேற்றித் திரும்பி வருகிறார்கள். ஓரெலி துய்ப்போன் எத்துவாலாக இருக்கும்போதே இரண்டு மகன்களைப் பெற்றார், திரும்பி வந்து ஆடினார், 2015-இல் 42 வயதில் மேடையிலிருந்து விடைபெற்றார், அடுத்த ஆண்டு கம்பெனியின் நடன இயக்குநர் ஆனார். கணவனும் அதே கம்பெனியில் ஆடுபவராக இருந்தால் மாலையில் குழந்தையைப் பார்க்க ஆள் தேடுவதுதான் பெரிய பாடு. அந்த நேரத்தில் இங்கே பாட்டிகள் கிடைப்பதில்லை.

42 வயதில் ஓய்வு என்றால் அதற்கு மேல் என்ன செய்வார்கள்?

எத்துவால் ஒருவர் ஓய்வு பெறும் இரவைப் பார்த்தால் ஊரே திரண்ட மாதிரி இருக்கும். கைதட்டல் கால் மணி நேரத்துக்கும் மேல் ஓயாது, மேலிருந்து பொன்னிறக் காகிதத் துகள்கள் கொட்டும், பழைய ஜோடிகள் மேடைக்கு வந்து கட்டிக்கொள்வார்கள். கோர் த பாலேயில் 22 வருடம் ஆடியவர் ஒரு சாதாரண வியாழக்கிழமை ஆட்டத்தோடு போய்விடுவார். மேடைக்குப் பின்னால் கேக் வெட்டுவார்களாக இருக்கும்.

42-இல் வரும் பென்ஷனை மட்டும் வைத்துப் பாரிஸில் குடும்பம் நடத்த முடியாது. ஆனாலும் அது பெரிய பிடிமானம். அதனால்தான் 2019 டிசம்பரில் அரசாங்கம் அதில் கைவைக்கப் பார்த்தபோது வேலைநிறுத்தம் செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், 24-ஆம் தேதி, கர்னியே வாசலில் குளிரில் அன்ன உடுப்போடு வந்து நின்று 'அன்ன ஏரி' பாலேயின் ஒரு பகுதியை ஆடினார்கள். பின்னால் போராட்டப் பதாகை, பக்கத்தில் வாத்தியக்காரர்கள். தொழிற்சங்கப் போராட்டம் ஒன்று இவ்வளவு அழகாக நடந்து நான் பார்த்ததில்லை. 2023-இல் வேறு பல துறைகளின் தனிப் பென்ஷன் ஏற்பாடுகளைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு எடுத்துவிட்டார்கள். ஓப்பராவுடையதைத் தொடவில்லை.

பென்ஷன் இல்லாத நாடுகளில் வேறு ஏற்பாடு. பிரிட்டனிலும் கனடாவிலும் ஓய்வுபெறும் நடனக் கலைஞர்கள் புதுத் தொழில் படிக்க உதவும் நிதி அமைப்புகள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. ஆசிரியர், நடன அமைப்பாளர், பிசியோதெரபிஸ்ட், பிலாட்டிஸ் பயிற்சியாளர் என்று போகிறவர்கள் அதிகம். சட்டம் படித்தவர்களும் உண்டு. எட்டு வயதிலிருந்து ஒன்றையே செய்தவர்களுக்கு நாற்பதில் முதல்முறையாக ஒரு விண்ணப்பக் கடிதம் எழுத உட்காருவதே பயமாக இருக்குமாம்.

வயதை மதிக்காதவர்களும் இருந்தார்கள். ஆங்கில பாலே நட்சத்திரம் மார்கோ ஃபொன்டேன் 1962-இல் 42 வயதில்தான், தன்னைவிட மிக இளையவரான நூரியெவோடு ஜோடி சேர்ந்தார். எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. கியூபாவின் அலிசியா அலோன்சோ பார்வை பெரும்பாலும் போன நிலையிலும் எழுபது வயதைத் தாண்டி மேடையேறினார். இவர்களை உதாரணமாக வைத்துத் திட்டம் போடக் கூடாது.

சென்னையிலோ கொழும்பிலோ ஆர்.ஏ.டி. கிரேடு தேர்வு எழுதினால் போதுமா?

லண்டனின் ராயல் அகாதமி ஆஃப் டான்ஸ் நடத்தும் அந்தத் தேர்வுகள் ஒழுங்கான அடித்தளம் தரும், டீச்சர் ஆகலாம் என்றால் அந்த வழியும் உண்டு. ஆனால் வாரம் இரண்டு வகுப்பு போய் எட்டுக் கிரேடு முடித்த பிள்ளையும், தினமும் நான்கு மணி நேரம் ஆடும் நான்தேர் பிள்ளையும் ஒரே போட்டியில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாரிஸ், லண்டன் அளவில் மாதச் சம்பளம் கொடுத்து நூறு பேரை வைத்திருக்கும் பாலேக் கம்பெனி இந்தியாவில் கிடையாது. ஆகவே தொழில் என்று முடிவெடுத்தால் 14, 15 வயதுக்குள் வெளிநாட்டுப் பள்ளி, அதற்கான பணம், விசா, தனிமை என்று நான்கையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

தமிழர்கள் யாராவது இந்த மேடைகளில் ஆடியிருக்கிறார்களா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பாலே ஆடவில்லை, ஆனால் பாலேக்காரர்களை வாய்பிளக்க வைத்தவர்கள் உண்டு, அதுவும் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து. 1838-இல் கடலூருக்கு அருகே உள்ள திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிப் பெண்களும் மூன்று வாத்தியக்காரர்களும் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டுக் கப்பலேறிப் பாரிஸ் வந்தார்கள். வரியேத்தே அரங்கில் ஆடினார்கள், பிறகு லண்டன் போனார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து தியோஃபில் கோத்தியே என்ற கவிஞர் பத்திரிகையில் உருகி உருகி எழுதினார். அவர்தான் மூன்று வருடம் கழித்து 'ஜிசெல்' பாலேக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர். பின்னாளில் சாகுந்தலத்தை வைத்தும் ஒரு பாலேக்கு எழுதினார். 'லா பயதேர்' 1877-இல் ரஷ்யாவில் மேடையேறியபோது அதன் நாயகி ஒரு கோயில் நடனக்காரி. கோடம்பாக்கத்து செட்டைவிட மோசமான கற்பனை இந்தியா அது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த 32 பேர் சரிவில் இறங்கும்போது எனக்குத் திருவந்திபுரம் மலைப்படி ஞாபகம் வருவதைத் தடுக்க முடியவில்லை.

அந்தக் காலத்துப் பாரிஸ் பாலேப் பெண்களின் நிலையும் தேவதாசிகளின் நிலையும் ரொம்ப தூரமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகள். மேடைக்குப் பின்னால் இருந்த கூடத்துக்குள் பணக்காரச் சந்தாதாரர்கள் உரிமையோடு வந்துபோவார்கள். ஓவியர் தெகா 1881-இல் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் சிலைக்கு மாதிரியாக நின்ற மரி வான் கூத்தெம், ஒரு சலவைக்காரியின் மகள். அடுத்த ஆண்டே வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை என்று ஓப்பராவிலிருந்து நீக்கப்பட்டாள். பென்ஷனும் பரீட்சையும் பணியிட விபத்துச் சட்டமும் எனக்குச் சலிப்பான விஷயங்களாகத் தெரியாததற்கு அவள்தான் காரணம்.

இன்னொரு தொடர்பு எல்லோருக்கும் தெரிந்தது: ருக்மிணி தேவி. ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே படித்தார். உன் நாட்டுக் கலையையும் பார் என்று பாவ்லோவா சொல்ல, பரதத்துக்கு வந்தார். 1936-இல் கலாக்ஷேத்ரா.

சரி, இதையெல்லாம் நேரில் பார்க்க எவ்வளவு ஆகும்?

நல்ல இருக்கைக்கு நூறு யூரோவுக்கு மேல் போகும். கர்னியேயில் பத்துப் பன்னிரண்டு யூரோவுக்கும் இருக்கைகள் உண்டு, ஆனால் பக்கவாட்டில் தூண் மறைக்கும், மேடையில் பாதிதான் தெரியும். விற்பனை தொடங்கும் அன்று காலையிலேயே இணையத்தில் உட்காருங்கள். பக்கவாட்டு உச்சி மாடத்தில் இடது பக்கம் கிடைத்தால் மேடையின் இடது மூலை தெரியாது, அது போகட்டும். வலது பக்கத்துப் பின்வரிசை நன்றாகத் தெரியும். ஓர் இரவு முழுக்க அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுபோவது நல்லது, அங்கே சாண்ட்விச் விலை டிக்கெட் விலைக்குக் குறைந்ததல்ல.